கீழ் வரி மட்டும் மாறியது: 20த் செஞ்சுரி ஃபாக்ஸ் லோகோவின் 87 ஆண்டுகள்

2019 மார்ச்சில் 20த் செஞ்சுரி ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியது. 2020 ஜனவரியில் பெயரிலிருந்து ‘ஃபாக்ஸ்’ எடுக்கப்பட்டு, நிறுவனம் 20த் செஞ்சுரி ஸ்டுடியோஸ் ஆனது. அடுத்த மாதம் திரைக்கு வந்த ‘தி கால் ஆஃப் தி வைல்டு’ படத்தில் புதிய லோகோ முதலில் தோன்றியது. மூன்று அடுக்கு எழுத்துக் கட்டடத்தில் கீழ் அடுக்கை மட்டுமே மாற்றியிருந்தார்கள். தேடுவிளக்குகள், மேடை, அண்ணாந்து பார்க்கும் கோணம், முரசுடன் தொடங்கும் எக்காளம் எல்லாம் பழையபடியே இருந்தன. பெயரில் பாதி போன பிறகும், அது எந்த ஸ்டுடியோ என்று தியேட்டரில் யாரும் யோசிக்கவேண்டி வரவில்லை.

பெயரை மாற்றியும் அடையாளம் குலையாத லோகோக்கள் சினிமாவில் மிகக் குறைவு. இந்த லோகோவை அப்படி ஆக்கியது ஒரே ஒரு வடிவமைப்பாளரின் திட்டம் அல்ல. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நெருக்கடிகளுக்காகச் செய்த ஒட்டுவேலைகள், அந்த நெருக்கடிகள் தீர்ந்த பிறகும் லோகோவிலேயே தங்கிவிட்டன. அவற்றில் மிகப் பெரியது 1953இல் நடந்தது. அதற்கு முன் கட்டடம் எப்படி எழும்பியது என்று பார்த்துவிடலாம்.

மூன்று அடுக்கு

1933இல் ஜோசப் ஷெங்க்கும் டேரில் ஸானக்கும் சேர்ந்து ட்வென்டியத் செஞ்சுரி பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். படங்களை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் வெளியிட்டது. அந்தச் சிறிய நிறுவனத்துக்காக எமில் கோசா ஜூனியர் லோகோ வரைந்தார். ஆல்பிரட் நியூமன் எக்காள இசை எழுதினார். 1935இல் அது வில்லியம் ஃபாக்ஸ் தொடங்கிய ஃபாக்ஸ் பிலிம் கார்ப்பரேஷனுடன் இணைந்தது. இணைந்த நிறுவனம் புதிதாக எதையும் வரையவில்லை, இருந்த லோகோவையே எடுத்துக்கொண்டது. ‘பிக்சர்ஸ், இன்க்.’ என்று இருந்த கீழ் வரியில் ‘ஃபாக்ஸ்’ வந்து உட்கார்ந்தது. ஆக, கீழ் அடுக்கு கழற்றி மாட்டக்கூடியது என்பது பிறந்த இரண்டே ஆண்டில் உறுதியாகிவிட்டது. 2020இல் நடந்தது அதன் மறுபதிப்புதான்.

மேல் அடுக்கில் ‘20’ என்ற எண்ணும், வரிசை எண் என்பதைக் காட்டும் சிறிய இரண்டு எழுத்துகளும். நடுவில் ‘செஞ்சுரி’, ஆங்கிலத்தில் 7 எழுத்து. கீழே ‘ஃபாக்ஸ்’, ஆங்கிலத்தில் 3 எழுத்து. 7 எழுத்து வரிக்குக் கீழே 3 எழுத்து வரியை அதே அளவில் வைத்தால் கட்டடம் தலைகனத்துக் கவிழ்வதுபோல் தெரியும். அதனால் கீழ் எழுத்துகளை அகலமாகவும் கனமாகவும் வரைந்து அடித்தளத்தை நிரப்பினார்கள். எல்லா எழுத்துக்கும் பக்கவாட்டில் தடிமன் உண்டு. பார்வையாளரின் கண் மேடைக்கும் கீழே இருப்பதால், எழுத்துகள் பல மாடி உயரத்தில் நிற்பதாகத் தோன்றுகின்றன. சுற்றிலும் 1930களின் ஆர்ட் டெக்கோ பாணிக் கட்டடங்கள். தேடுவிளக்குகள் அன்றைய ஹாலிவுட் முதல்நாள் காட்சிகளிலிருந்து வந்தவை. தியேட்டர் வாசலில் கார்பன் வில் விளக்குகளை வைத்து வானில் ஒளிக்கற்றை வீசுவது அப்போது வழக்கம். அதாவது, படம் தொடங்கும் முன்பே அதன் முதல்நாள் விழாவை லோகோ நடத்திவிடுகிறது. ஃபாக்ஸின் சிறு படங்களுக்கான பிரிவு 1994இல் தொடங்கியபோது அதற்கும் ‘சர்ச்லைட்’ என்றே பெயரிட்டார்கள்.

2020இன் ‘ஸ்டுடியோஸ்’ ஆங்கிலத்தில் 7 எழுத்து. ‘செஞ்சுரி’க்கும் அதுவே எண்ணிக்கை என்பதால் வரிகள் சீராகப் பொருந்தின. ஆனால் ‘ஃபாக்ஸ்’ எழுத்துகளிடம் இருந்த அடித்தளக் கனம் போய்விட்டது. பழைய லோகோவை அருகில் வைத்துப் பார்த்தால் புதியதில் கட்டடம் கொஞ்சம் மெலிந்திருப்பது தெரியும். ஒரே அகலத்தில் 3 எழுத்து இருந்த இடத்தில் 7 எழுத்து வந்தால் ஒவ்வொன்றும் பாதிக்கும் கீழே சுருங்கத்தான் வேண்டும்.

கண்ணாடியில் ஓவியம்

கோசாவின் லோகோ பல அடுக்குக் கண்ணாடிகளில் வரைந்து, பிரேம் பிரேமாகப் படமெடுக்கப்பட்டது. இந்த முறையில் வானம் கடைசிப் பரப்பில் இருக்கும். கட்டடங்கள் அதற்கு முன்னுள்ள கண்ணாடியில். எழுத்துகள் இன்னும் முன்னால். அசையவேண்டியது ஒளிக்கற்றை மட்டும். ஒரு பிரேம் எடுத்து, கற்றையைச் சிறிது நகர்த்தி, அடுத்த பிரேம் எடுக்கவேண்டும். நொடிக்கு 24 பிரேம். 10 நொடி ஓடவேண்டுமானால் 240 முறை.

இதில் சொதப்பக்கூடிய இடங்கள் பல. அடுக்குகளுக்கு இடையே தூரம் இருப்பதால் எல்லாமே கூர்மையாகத் தெரிய லென்ஸின் துளையைச் சுருக்கவேண்டும். துளை சுருங்கினால் ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்ச நேரம் கூடும். அந்த நேரத்தில் விளக்கின் மின்னழுத்தம் ஏறி இறங்கினால் திரையில் வானம் துடிக்கும். முன் கண்ணாடியில் கேமராவின் பிம்பம் விழக்கூடாது. அதற்குக் கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டுவார்கள். கண்ணாடியில் ஒரு தூசி பல பிரேம்கள் உட்கார்ந்திருந்துவிட்டு நடுவில் துடைக்கப்பட்டால், திரையில் அது ஒரு நட்சத்திரம் அணைந்ததுபோல் தெரியும். எழுத்துக்குப் பின்னால் போகும் கற்றை எழுத்தின் விளிம்பில் துல்லியமாக மறையவேண்டும்; ஒரு மயிரிழை வெளியே வந்தாலும் எழுத்தின் தடிமன் பொய்யாகிவிடும்.

எடுத்து முடித்த பிறகு இன்னொரு சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு படத்தின் முதல் ரீலிலும் அதே லோகோ ஒட்டப்படவேண்டும். மூல நெகட்டிவிலிருந்து இன்டர்பாசிட்டிவ், அதிலிருந்து டூப் நெகட்டிவ், அதிலிருந்து பிரின்ட். ஒவ்வொரு படியிலும் கான்ட்ராஸ்ட் கூடும், துகள் பெருகும். முதலில் சாவது ஒளிக்கற்றையின் ஓரம்தான். வானத்தில் மெல்லக் கரையவேண்டிய சாம்பல் நிறம், சில தலைமுறை நகலுக்குப் பிறகு வெட்டி ஒட்டிய வெள்ளைப் பட்டையாகிவிடும். பழைய பிரின்ட்களில் லோகோ மட்டும் படத்தைவிட மங்கலாகவும் கரடுமுரடாகவும் தெரிவதற்குக் காரணம், அது படத்தைவிடப் பல தலைமுறை பிந்திய நகல் என்பதே.

கோசா பின்னாளில் ‘கிளியோபாட்ரா’ (1963) படத்தின் காட்சித் தந்திரங்களுக்காக ஆஸ்கர் வாங்கினார். ஆனால் அவர் கைவேலையில் மிக அதிகமானோர் பார்த்தது இந்தக் கண்ணாடி ஓவியமாகத்தான் இருக்கும்.

அகலத்தால் வந்த வினை

1953இல் தொலைக்காட்சியின் போட்டியைச் சமாளிக்க ஃபாக்ஸ் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. பிரெஞ்சு அறிவியலாளர் ஆன்ரி கிரெத்தியனின் லென்ஸ், காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி 35 மி.மீ. பிலிமில் பதிக்கும், புரொஜக்டர் லென்ஸ் அதை மறுபடி விரிக்கும். அகலத்துக்கும் உயரத்துக்குமான விகிதம் 1.37:1 ஆக இருந்த திரை, ‘தி ரோப்’ படத்தில் 2.55:1 ஆனது. (தமிழில் இந்த வடிவம் வர 1973வரை, ‘ராஜராஜ சோழன்’ வரை ஆனது.)

படத்துக்கு இந்த அகலம் லாபம். லோகோவுக்குப் பெரும் நஷ்டம். ஏறக்குறையச் சதுரமான ஒரு எழுத்துக் கட்டடம் திரை உயரத்தில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1.37:1 திரையில் அது அகலத்தில் 55 சதவீதத்தை நிரப்பும். 2.55:1 திரையில் 29 சதவீதம்தான். பாதிக்கு மேல் திரையை ஆண்டது, வெறும் வானத்தின் நடுவே ஒற்றைத் தூணாகிவிடும். கட்டடத்தைப் பெரிதாக்கவும் வழியில்லை, உயரம் முட்டும். அகலமாக இழுத்தால் எழுத்து விகாரமாகும்.

பசிபிக் டைட்டில் நிறுவனத்தின் ஓவியர் ராக்கி லாங்கோ லோகோவை அகலத் திரைக்காக மறுபடி வரைந்தார். அவர் செய்தவற்றில் கண்ணுக்கு உடனே படுவது ‘20’இன் சுழியம். அது நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்திருக்கும். கட்டடத்தின் விகிதம் அகலச் சட்டகத்தில் குலையாமல் இருக்க அவர் கண்ட வழி அது. தனியாகப் பார்த்தால் பிசகு. சட்டகத்தோடு பார்த்தால் சரி. பார்வையாளரின் கண் அதைத் தவறாக உணராமல் ஏறத்தாழ 28 ஆண்டுகள் ஏற்றுக்கொண்டது. 1981இல் லோகோவைப் புதுப்பித்தபோது சுழியத்தை மறுபடி நிமிர்த்தினார்கள். எங்கள் கண்ணுக்கு 1981இன் வடிவம்தான் எல்லாவற்றிலும் உயிர் குறைந்தது. திருத்தம் சரியாக இருந்தும் கட்டடம் விறைத்துவிட்டது.

நெருக்கும் லென்ஸில் எழுத்து எடுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஆரம்பகாலச் சினிமாஸ்கோப் லென்ஸ்கள் அருகில் உள்ள பொருளை முழுப் பாதியாக நெருக்காது. புரொஜக்டரோ எப்போதும் முழு இரண்டு மடங்காக விரிக்கும். அதனால் அண்மைக் காட்சியில் நடிகர்களின் முகம் கன்னம் வீங்கியதுபோல் தெரிந்தது. மேசைமேல் வைத்து எடுக்கும் டைட்டில் எழுத்துக்கும் அதே கதி. இதைத் தவிர்க்கப் பொதுவாகச் செய்வது, ஓவியத்தைச் சாதாரண லென்ஸில் எடுத்து, பிறகு பிலிமிலிருந்து பிலிமுக்கு நகலெடுக்கும் ஆப்டிகல் பிரின்டரில் நெருக்குவது.

இசையில் ஒட்டிய துண்டு

1953இல் செய்த பெரிய ஒட்டுவேலை ஓவியத்தில் இல்லை, இசையில் இருக்கிறது. ஃபாக்ஸ் லோகோவுக்குப் பிறகு, ‘இது சினிமாஸ்கோப் படம்’ என்று சொல்லும் இரண்டாவது அட்டை ஒன்று திரையில் வரவேண்டியிருந்தது. நியூமனின் 1933 எக்காளம் முதல் அட்டையோடு முடிந்துவிடும். இரண்டாவது அட்டை மௌனமாக நின்றால் படம் தடுக்கி விழுந்ததுபோல் இருக்கும். எனவே நியூமன் எக்காளத்துக்கு ஒரு நீட்சி எழுதினார். முன்பாதியில் முரசும் பித்தளைக் கருவிகளும் ஆணையிடுகின்றன. நீட்சியில் வயலின்கள் எழும்பி அகலமாக விரிகின்றன. திரை விரிவதைக் காதுக்குச் சொல்லும் இசை அது.

சினிமாஸ்கோப் பிரின்ட்டில் ஒலிக்கு நான்கு காந்தப் பட்டைகள் இருந்தன: திரைக்குப் பின்னால் மூன்று சேனல், அரங்கத்துக்குள் ஒன்று. அந்தப் பட்டைகளுக்கு இடம் விட, பிலிமின் பல் துளைகளையே சிறிதாக்கினார்கள். பழைய புரொஜக்டரின் பல்சக்கரத்தை மாற்றாமல் இந்த பிரின்ட்டை ஓட்டினால் துளைகள் கிழியும். எக்காளத்தின் புதிய பதிவும் ஸ்டீரியோவில் செய்யப்பட்டது. அது பிற்பாடு மிகவும் உதவியது.

1960களின் கடைசியில் ஃபாக்ஸ் சினிமாஸ்கோப்பைக் கைவிட்டிருந்தது. 1970களில் எக்காளமே அபூர்வமாகத்தான் கேட்டது. நீட்சிக்கு வேலையே இல்லை. அது அறிமுகம் செய்த அட்டை இப்போது கிடையாது.

அதை மறுபடி எழுப்பியவர் ஜார்ஜ் லூகாஸ். ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) தொடக்கத்தில் நீட்சியுடன் கூடிய எக்காளம்தான் வேண்டும் என்று கேட்டார். 1950களில் செய்த ஸ்டீரியோ பதிவையே பயன்படுத்தினார்கள். நீட்சியின் மேல் லூகாஸ்ஃபிலிம் பெயர் வந்தது. இரண்டாவது அட்டைக்காக எழுதிய இசைக்கு, 24 ஆண்டு கழித்து வேறொரு இரண்டாவது அட்டை கிடைத்தது. ஜான் வில்லியம்ஸ் தன் மையக்கருவை எக்காளத்தின் அதே சுருதியில், பி-ஃபிளாட் மேஜரில் அமைத்தார். எக்காளம் முடிந்து, நிசப்தத்தில் ஒரு வரி எழுத்து தோன்றி மறைந்ததும், அதே ஆதார சுருதியில் இசைக்குழு வெடிக்கிறது. கேட்பவருக்கு இரண்டும் ஒரே இசையின் இரு பகுதிகள். 1980இல் ‘தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்’ படத்துக்காக வில்லியம்ஸே எக்காளத்தை நடத்தி மறுபதிவு செய்தார். தொடரின் அடுத்த படங்களில் அந்தப் பதிவு இடம்பெற்றது.

லோகோ இசை முடிந்து படத்தின் முதல் ஸ்வரம் தொடங்கும் அந்த மூட்டு, படத்தொகுப்பில் அலட்சியம் செய்யப்படும் இடம். சுருதி மோதினால் படம் அபஸ்வரத்தில் தொடங்கும். மூட்டை வேண்டுமென்றே உடைத்துக் காட்டியவர்களும் உண்டு. ‘ஏலியன் 3’ (1992) படத்தில் எக்காளம் கடைசி ஸ்வரத்துக்கு முன்னால் உறைந்து, தீர்வுக்கு வராமல், படத்தின் இருண்ட இசைக்குள் சரிகிறது. எல்லாருக்கும் மனப்பாடமான இசை என்பதால்தான் அந்த ஒரு ஸ்வரம் வராதது வயிற்றைப் பிசைகிறது. ‘போஹீமியன் ராப்சடி’ (2018) படத்தில் பிரையன் மே அதையே எலெக்ட்ரிக் கிதாரில் வாசித்தார்.

கேமரா நகர்ந்தபோது

1935 முதல் 1994 வரை கேமரா அசையவே இல்லை. ஒளிக்கற்றைகள் மட்டும் ஆடின. 1994இல், சில முயற்சிகள் கைகூடாமல் போன பிறகு, ஃபாக்ஸின் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் கெவின் பர்ன்ஸிடம் பொறுப்பு வந்தது. கணினி வரைகலையில் கட்டடம் முதன்முறையாக உண்மையான முப்பரிமாணப் பொருளாக நின்றது.

ஓவியத்தில் ஒரே ஒரு பார்வைக்கோணம்தான் உண்டு. எழுத்தின் பின்பக்கம், மேடையின் மறுபுறம், கட்டடங்களுக்கு இடையிலான தெரு எதுவும் வரையப்படவில்லை. கேமரா நகரவேண்டுமானால் அவை அனைத்தையும் கட்டவேண்டும். கட்டிய பிறகு, கேமரா கடைசியில் வந்து நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் கோசாவின் ஓவியம்போலவே தெரியவும் வேண்டும். 1994 வடிவத்தில் கேமரா உச்சியிலிருந்து தொடங்கி, மெல்ல இறங்கிச் சுற்றிவந்து, பழக்கமான கோணத்தில் நிற்கிறது. பின்னணியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரமும் குன்றின்மேல் ஹாலிவுட் எழுத்துகளும் தெரியும்.

இந்தப் பயணத்துக்கு நேரம் வேண்டும். நியூமனின் நீட்சி அதைத் தந்தது. புரூஸ் பிராட்டன் அமைத்த 21 நொடி முழு எக்காளம் இதற்குப் பயன்பட்டது. 21 நொடி என்றால் 504 பிரேம், 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 பிரேம் கணக்கில் முப்பத்தொன்றரை அடி. சினிமாஸ்கோப் அட்டையை நிரப்ப எழுதிய நொடிகள், கேமரா நடக்கும் பாதையாயின. 1997இல் ஆல்பிரட் நியூமனின் மகன் டேவிட் நியூமன் எக்காளத்தை மறுபடி பதிவு செய்தார். ‘அனஸ்தேசியா’ படத்தில் அறிமுகமான அந்தப் பதிவுதான் அதன்பின் நிலைத்தது. 2009இல் ‘அவதார்’ படத்துடன் வந்த புதுப்பிப்பை ‘ஐஸ் ஏஜ்’ எடுத்த ப்ளூ ஸ்கை ஸ்டுடியோஸ் செய்தது. 2020இன் ‘ஸ்டுடியோஸ்’ மாற்றத்துக்கும் அடிப்படை அந்த 2009 வடிவமே.

அடுக்கு முறை வேறு பெயர்களுக்கும் பயன்பட்டது. ஃபாக்ஸ் ஸ்டார் ஸ்டுடியோஸ் என்ற இந்தியக் கிளையின் பெயர் இதே எழுத்துக் கட்டடப் பாணியில் நின்றதைத் தமிழ் ரசிகர்கள் ‘எங்கேயும் எப்போதும்’ (2011) படத்தின் தொடக்கத்தில் பார்த்தார்கள்.

நகலில் நேரும் கேடுகள்

அகலத்திரை லோகோவைப் பழைய 1.33:1 தொலைக்காட்சிக்கு வெட்டும்போது 2.35:1 படத்தின் அகலத்தில் 57 சதவீதமே மிஞ்சும். எழுத்துக் கட்டடம் நடுவில் இருப்பதால் தப்பிவிடும். பக்கத்துத் தேடுவிளக்குகள் போய்விடும். வெட்டாமல், நெருக்கிய பிலிமை அப்படியே ஒளிபரப்பினால் எழுத்துகள் ஒல்லியாக நீளும்.

பால் (PAL) என்ற தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25 பிரேம். இந்தியத் தொலைக்காட்சியும் அந்த முறையில்தான் இயங்கியது. 24 பிரேம் படத்தை அப்படியே 25இல் ஓட்டினால் வேகம் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடி, 21 நொடி எக்காளம் 20.16 நொடியாகும். சுருதி கிட்டத்தட்ட முக்கால் அரைஸ்வரம் ஏறும். பி-ஃபிளாட்டில் தொடங்கியது பி-யை நெருங்கி ஒலிக்கும். வீட்டுக் கேசட்டில் கேட்டு வளர்ந்தவருக்குத் தியேட்டரில் எக்காளம் தாழ்ந்து கனத்து ஒலிப்பதாகத் தோன்றினால் காரணம் இதுதான்.

இவற்றைவிட மோசமானது, பழைய படத்தின் மேல் புதிய லோகோவை ஒட்டுவது. 1950களின் படத்துக்கு 1994இன் கணினிக் கட்டடத்தை வைத்தால், முதல் 21 நொடி பளிச்சென்று டிஜிட்டலாகவும் அடுத்த பிரேமிலிருந்து துகள் நிறைந்த பிலிமாகவும் இருக்கும். படம் மோனோ என்றால் ஒலியும் ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்குத் தாவும். மீட்டெடுக்கும் வேலையில் இருப்பவர்கள் முதல் ரீலின் மூல ஒலித்தடத்தைத் தனியாகச் சோதிக்கவேண்டும். பல படங்களில் எக்காளத்தின் கடைசி அதிர்வு, படத்தின் முதல் காட்சிமேல் சில பிரேம்கள் படிந்திருக்கும். லோகோவை மட்டும் வெட்டினால் அந்த வால் அறுந்து நிற்கும்.

இதன் மிகப் பெரிய உதாரணம் 2015இல் நடந்தது. லூகாஸ்ஃபிலிமை அதற்குள் வாங்கியிருந்த டிஸ்னி, ஸ்டார் வார்ஸின் ஆறு படங்களையும் டிஜிட்டலில் வெளியிட்டபோது ஐந்தில் ஃபாக்ஸ் எக்காளம் நீக்கப்பட்டு, லூகாஸ்ஃபிலிம் லோகோவும் வேறு இசையும் வந்தன. உரிமை ஃபாக்ஸிடம் இருந்ததால் 1977 படத்தில் மட்டும் எக்காளம் தங்கியது. சட்டப்படி அது சரியான முடிவுதான். ஆனால் ஐந்து படங்களிலும் வில்லியம்ஸின் முதல் பி-ஃபிளாட் முழக்கம் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் திடீரென்று வந்து விழுந்தது. ஃபாக்ஸ் முழுவதும் டிஸ்னியிடம் வந்த பிறகு, 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது ஆறு படங்களிலும் எக்காளம் தன் பழைய இடத்தில், நீட்சியோடு சேர்ந்தே திரும்ப வைக்கப்பட்டிருந்தது.